ஹார்லி ஏன் கரண்டுக்குப் போனது? எலெக்ட்ரிக் மோட்டார் சைக்கிளின் கணக்கு

நம்மூரில் தெருவுக்கு நாலு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடுகிறது. எலெக்ட்ரிக் மோட்டார் சைக்கிளை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் இருப்பது பேட்டரியும் மோட்டாரும்தான். அப்புறம் ஏன் ஒன்று விற்கிறது, இன்னொன்று திணறுகிறது? இதைப் புரிந்துகொள்ள ஹார்லி டேவிட்சனின் கதையைப் பார்த்தால் போதும். 1903-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய கம்பெனி அது. பெரிய இன்ஜின், பளபளக்கும் குரோம், தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும் சத்தம், இவற்றை வைத்தே நூறு வருஷத்துக்கு மேல் பிழைத்தது. அப்படிப்பட்ட கம்பெனி, இளைஞர்கள் வேண்டும் என்று சத்தமில்லாத எலெக்ட்ரிக் பைக் செய்யப் போனது.

முதலில், ஏன் போனது? 2006-ல் அமெரிக்காவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான ஹார்லி வண்டிகள் விற்றன. 2018-ல் அது ஏறக்குறைய 1,32,000. பாதியாகிவிட்டது. 2008 பொருளாதாரச் சரிவு ஒரு பெரிய அடி என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் மெதுவாக நடந்துகொண்டிருந்தது வேறொன்று. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களை வயதுப்படி வரிசையாக நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்பவருக்கு 2014-ல் வயது 47. 2018-ல் 50. நாலு வருஷத்தில் மூன்று வயது ஏறுகிறது என்றால், வரிசையில் புது ஆட்கள் அதிகம் சேரவில்லை, நிற்பவர்களுக்கே வயதாகிக்கொண்டு போகிறது என்று பொருள். ஹார்லியின் நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய டூரிங் வண்டிகள் 350 கிலோவுக்கு மேல் எடை. அறுபத்தைந்து வயதில் அதை சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துவதற்கே தனித் தெம்பு வேண்டும்.

அதனால் அப்போது தலைமையில் இருந்த மேத்யூ லெவட்டிச் காலத்தில் ஒரு பெரிய இலக்கு வைத்தார்கள்: 2027-க்குள் அமெரிக்காவில் 20 லட்சம் புதிய ரைடர்களை உருவாக்குவது. அதற்கான வழிகளில் ஒன்றாக வந்ததுதான் லைவ்வயர் என்ற எலெக்ட்ரிக் பைக். 2014-லேயே மாதிரி வண்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆட்களை ஓட்டச் சொல்லிப் பார்த்திருந்தார்கள். 2019-ல் விற்பனைக்கே வந்துவிட்டது.

எலெக்ட்ரிக் வண்டி இளைஞர்களை ஏன் இழுக்கும் என்று நினைத்தார்கள்? சுற்றுச்சூழல் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது இடது கையும் இடது காலும். பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குறை உண்டு. அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அணைந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது அதற்கு இழுவையும் குறைவு. அதனால்தான் இன்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துச் சேர்க்க ஒரு கிளட்ச், வேகத்துக்கேற்ப மாற்ற ஐந்து ஆறு கியர். மின்மோட்டாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் கொடுக்கும். ஒரே ஒரு நிலையான கியர் விகிதம் போதும். கிளட்ச் வேண்டாம், கியர் லீவர் வேண்டாம். திருகினால் போகும், விட்டால் வேகம் குறையும். குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் கரண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்.

அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் ஆட்டோமேட்டிக் காரில்தான் ஓட்டப் பழகுகிறார்கள். கிளட்ச் என்பதையே தொட்டுப் பார்த்திராத இருபது வயதுக்காரரிடம் கியர் பைக்கைக் கொடுத்தால் முதல் நாளே பயந்துவிடுவார். எலெக்ட்ரிக் பைக்கில் அந்தப் பயம் இல்லை. யோசனை நல்ல யோசனைதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், கரண்ட் பில்லில் வரும் யூனிட் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். லைவ்வயரின் பேட்டரி 15.5 யூனிட். அதாவது அவ்வளவு பெரிய பேட்டரிக்குள் இருப்பது ஒன்றே முக்கால் லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான். இதைக் கேட்டதும் எலெக்ட்ரிக் வண்டி உருப்படாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் தன் ஆற்றலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மிச்சமெல்லாம் சூடாகவும் புகையாகவும் வெளியே போய்விடும். மின்மோட்டாரோ பத்தில் எட்டு, ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குச் சேர்த்துவிடும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்தால் லைவ்வயர் பேட்டரி சுமார் ஐந்தாறு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் எனலாம். ஹார்லியின் டூரிங் வண்டிகளின் டேங்க் 22 லிட்டருக்கு மேல்.

சரி, பேட்டரியை இன்னும் பெரிதாக வைத்தால்? காரில் அது முடியும். காரின் அடிப்பகுதி முழுக்கப் பாய் விரித்த மாதிரி பேட்டரியைப் பரப்பிவிடலாம், யாரும் உட்காரும் இடம் குறையாது. பைக்கில் இருப்பது இரண்டு சக்கரத்துக்கு நடுவே, இரண்டு முழங்காலுக்கு இடையே உள்ள ஓர் இடைவெளி. இன்ஜின் இருந்த இடம் அதுதான். மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர், பேட்டரி எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். லைவ்வயர் அப்படி அடக்கியே 249 கிலோ. இன்னும் பேட்டரி சேர்த்தால் எடை கூடும், விலை கூடும், உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது.

அடுத்தது காற்று. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நடு விஷயமே இதுதான். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நாலு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது காற்றோடு போராட ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆற்றலைப் போல நாலு மடங்கு, 80-ல் போகும்போது செலவாகும். காருக்கும் இந்த விதிதான். ஆனால் கார் காற்றைக் கிழித்துப் போக வசதியாக வழவழப்பாகச் செய்யப்பட்டது. பைக்கில் ஒரு மனிதர் நெஞ்சை நிமிர்த்தி, சட்டை படபடக்க, காற்றுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அளவில் சின்னதாக இருந்தாலும், வடிவத்தில் பைக் காற்றுக்குச் சுத்தமாக ஒத்துவராத வண்டி.

லைவ்வயரின் எண்களில் இது அப்படியே தெரியும். ஊருக்குள் நின்று நின்று ஓட்டினால் ஒரு சார்ஜுக்கு 146 மைல், அதாவது சுமார் 235 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டினால் 95 மைல், சுமார் 153 கிலோமீட்டர். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 70 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் மட்டும் போனால் கிடைப்பது ஏறக்குறைய 70 மைல். 113 கிலோமீட்டர் வேகத்தில் 113 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி.

பெட்ரோல் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஊருக்குள் மைலேஜ் அடிவாங்கும், பைபாஸ் ஏறினால் கூடும் என்பதுதானே நம் அனுபவம். காரணம் என்னவென்றால், பெட்ரோல் இன்ஜின் சிக்னலில் நிற்கும்போதும் குடிக்கும், மெதுவாக ஊர்ந்தால் இன்னும் வீணாக்கும். அந்த வீணடிப்பு அவ்வளவு பெரிது என்பதால் காற்றுக்குப் போகும் நஷ்டம் நம் கண்ணில் படுவதில்லை. மின்மோட்டாரில் வீண் குறைவு. சிக்னலில் நின்றால் மோட்டார் ஏறக்குறைய கரண்டே எடுக்காது. அதனால் காற்றின் நஷ்டம் பளிச்சென்று தெரிகிறது. எலெக்ட்ரிக் வண்டி ஊருக்குள் கெட்டிக்காரன், நெடுஞ்சாலையில் ஊதாரி.

இப்போது ஹார்லி எதை விற்றுப் பெயரெடுத்த கம்பெனி என்று நினைத்துப் பாருங்கள். நீண்ட சாலை, நாள் முழுக்கப் பயணம், மாநிலம் விட்டு மாநிலம். மின்மோட்டார் எங்கே சறுக்குமோ, சரியாக அந்த இடத்தில்தான் அவர்களின் கடை இருந்தது.

சார்ஜும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. வேகமான டிசி சார்ஜர் கிடைத்தால் 40 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும். கிடைக்காவிட்டால் வீட்டு பிளக்கில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அமெரிக்காவில் கடைவாசல்களிலும் அலுவலக வளாகங்களிலும் அதிகம் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட நடுத்தர வேக சார்ஜர். அதில் லைவ்வயரைச் சொருகினாலும் வீட்டு பிளக்கின் வேகத்தில்தான் ஏறும். பக்கத்திலேயே கார்கள் மளமளவென்று சார்ஜ் ஆகிக்கொண்டிருக்க, பைக்காரர் மட்டும் காத்திருக்க வேண்டியதுதான்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹார்லியின் இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் வி வடிவில் நிற்கின்றன. இரண்டு பிஸ்டனின் தண்டுகளும் கிராங்கின் ஒரே முளையில் சேர்கின்றன. அதனால் இரண்டும் சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒன்று வெடித்து 315 டிகிரி சுற்றியதும் அடுத்தது, பிறகு 405 டிகிரி கழித்து மறுபடி முதலாவது. இந்த நொண்டித் தாளத்தைத்தான் அமெரிக்கர்கள் ‘பொட்டேட்டோ பொட்டேட்டோ’ என்று சொல்லிக் காட்டுவார்கள். 1994-ல் இந்தச் சத்தத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ஹார்லி மனுப் போட்டது. மற்ற கம்பெனிகள் எதிர்த்து வழக்கு இழுத்தடிக்க, 2000-ல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு கம்பெனி தன் சத்தத்துக்கு ஆறு வருஷம் மல்லுக்கட்டியது என்றால் அதற்கு அது எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கும்!

லைவ்வயரில் அந்தச் சொத்து பூஜ்யம். இன்ஜினியர்கள் சும்மா விடவில்லை. மோட்டாரை வண்டியின் நீளவாக்கில் வைத்தார்கள். அதன் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் 90 டிகிரி திருப்ப ஒரு ஜோடி பல்சக்கரம். அந்தப் பல்சக்கரங்கள் உரசும்போது ஜெட் விமானம் ஏறுவது போல மெல்லிய ஊளை வரும். ஸ்பீக்கர் வைத்துச் செய்த பொய்ச் சத்தம் இல்லை, இயந்திரத்தின் சொந்தக் குரலே. வண்டி ஆன் ஆகி நிற்கும்போது ஓசையே இல்லாததால், தெரியாமல் கை பட்டுப் பாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்காக மோட்டார் லேசாக இதயம் துடிப்பது போல அதிரும்படி வைத்தார்கள், உட்கார்ந்திருப்பவருக்கு வண்டி உயிரோடு இருப்பது தெரியும். நன்றாக யோசித்த வேலை என்றே எனக்குப் படுகிறது. இந்தியாவில் ரிவோல்ட் ஆர்வி 400 என்ற எலெக்ட்ரிக் பைக் இதற்கு நேர் எதிர்வழியில் போனது. ஆப்பில் பிடித்த சைலன்சர் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பீக்கரில் வரும். அதை என்னால் அவ்வளவு ரசிக்க முடியவில்லை, அது அவரவர் விருப்பம்.

ஓட்டிப் பார்த்தவர்கள் லைவ்வயரைப் பாராட்டத்தான் செய்தார்கள். 105 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட மூன்றே வினாடி. விலையைக் கேட்டதும்தான் சிரிப்பு நின்றது. 29,799 டாலர். அன்றைய மதிப்பில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அதே காலத்தில் ஹார்லியின் விலை குறைந்த பெட்ரோல் வண்டியான ஸ்ட்ரீட் 500 சுமார் 7,000 டாலர்தான். படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை யார் இதை வாங்குவார்? விற்பனை தொடங்கிய சில வாரங்களில் டீலர்கள் சொன்னதும் இதுதான்: ஆர்வமாக வந்து விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வண்டி ஓட்டும், வயது கூடியவர்கள். இளைஞர்களுக்கென்று செய்த வண்டி, வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஹார்லி வைத்திருப்பவரின் மூன்றாவது வண்டியாகப் போய்ச் சேர்ந்தது. போதாக்குறைக்கு அந்த அக்டோபரில் சார்ஜ் ஆவதில் ஒரு கோளாறு தெரியவர, உற்பத்தியையே சில நாள் நிறுத்தி, சோதித்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

அதே 2019-ல் ஹார்லி செய்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படவில்லை. ஸ்டேசிக் என்ற சின்ன கம்பெனியை வாங்கியது. அவர்கள் செய்வது மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கான எலெக்ட்ரிக் வண்டி. பெடல் கிடையாது. 12 அங்குலம், 16 அங்குலம் என இரண்டு சக்கர அளவு. குழந்தை முதலில் காலால் தரையைத் தள்ளித் தள்ளிச் சமநிலை பழகும். பழகியபின் கைப்பிடியைத் திருகினால் வண்டி தானே போகும். மெதுவான நிலையில் வைத்தால் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டாது. டிரில்லிங் மெஷினில் மாட்டும் பேட்டரி மாதிரி ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். அப்போது விலை 700 டாலரை ஒட்டி. ஹார்லி சின்னம் ஒட்டி டீலர் கடைகளில் வைத்தார்கள். மேலே போட்ட கணக்கையெல்லாம் இதற்குப் போட்டுப் பாருங்கள். வேகம் குறைவு, எனவே காற்று பிரச்சினையே இல்லை. எடை குறைவு, தூரம் வீட்டு வாசலும் மைதானமும். பேட்டரி சின்னது, விலையும் சின்னது. இளைய ரைடர் வேண்டும் என்றால் இது லைவ்வயரை விட எவ்வளவோ உருப்படியான வழி என்பேன். பலன் கிடைக்கப் பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும், பங்குதாரர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா என்பது வேறு விஷயம்.

2020-ல் லெவட்டிச் போய், விளையாட்டுக் காலணி செய்யும் பூமா கம்பெனியை நடத்திய யோஹன் ஸைட்ஸ் வந்தார். அவர் லாபம் தரும் பெரிய பெட்ரோல் வண்டிகளின் பக்கம் கம்பெனியைத் திருப்பினார். இந்தியாவில் தனியாக நடத்திய வியாபாரத்தை மூடி ஹீரோவிடம் ஒப்படைத்ததும் அந்த வருஷம்தான். லைவ்வயரை அவர் கைவிடவில்லை, தனிக்குடித்தனம் வைத்தார். 2021-ல் அது தனி பிராண்ட். ஹார்லி பெயரை எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே வண்டியை லைவ்வயர் ஒன் என்று 21,999 டாலருக்கு விற்றார்கள். 2022-ல் ஸ்கூட்டர் செய்யும் தைவானின் கிம்கோ நிறுவனமும் பங்கு சேர, நியூயார்க் பங்குச் சந்தையிலும் தனியாகப் பட்டியலானது.

பெயரை ஏன் பிரித்தார்கள்? பழைய ஹார்லிக்காரர் தன் சின்னம் சத்தமில்லாத வண்டியில் இருப்பதை விரும்பவில்லை. இளைஞருக்கோ அது அப்பா ஓட்டிய வண்டியின் சின்னம். ஒரே பெயர் இரண்டு பக்கமும் இடித்தது.

அடுத்து வந்த எஸ்2 டெல்மார் வண்டியில் பழைய பாடம் தெரிகிறது. பேட்டரி 10.5 யூனிட்டாகக் குறைந்தது. தனிச் சட்டகம் (ஃப்ரேம்) என்று ஒன்று இல்லாமல், பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த கட்டியே வண்டியின் முதுகெலும்பாக ஆனது. எடை 200 கிலோவுக்குள் வந்தது, விலை 15,499 டாலருக்கு இறங்கியது. முதல் நூறு வண்டிகள் 18 நிமிடத்தில் முன்பதிவாகிவிட்டன. அந்த வேகம் நீடிக்கவில்லை. 2023-ல் லைவ்வயர் விற்ற மொத்த மோட்டார் சைக்கிள்கள் 660. 2024-ல் 612. அதே 2024-ல் தாய்க் கம்பெனி உலகெங்கும் விற்றது சுமார் ஒன்றரை லட்சம். லைவ்வயரின் ஆண்டு நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல் போனது.

இதற்கு எதிர்முனையில் இந்தியா இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் இங்கே 11 லட்சத்துக்கும் அதிகமான எலெக்ட்ரிக் இருசக்கர வண்டிகள் விற்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்கூட்டர்கள். முதலில் புதுக் கம்பெனிகள் முந்தினாலும், ஓசூரின் டிவிஎஸ்ஸும் புனேயின் பஜாஜும் பிடித்துவிட்டன. இவையும் பல பத்தாண்டுகள் பெட்ரோல் வண்டி விற்ற பாரம்பரியக் கம்பெனிகள்தான். பஜாஜ் 1972-ல் அறிமுகமான சேத்தக் பெயரையே தூசு தட்டி 2020-ல் எலெக்ட்ரிக்காகக் கொண்டுவந்தது. அவர்களுக்கு எளிதாக அமைந்ததற்குக் காரணம் நாம் பார்த்த அதே கணக்கு. டிவிஎஸ் ஐக்யூபின் சிறிய மாடலில் பேட்டரி வெறும் 2.2 யூனிட், லைவ்வயரில் ஏழில் ஒரு பங்கு. கடைத்தெரு, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று மெதுவாக ஓடும் வண்டிக்கு அது போதும். ராத்திரி வீட்டில் சொருகினால் காலையில் தயார். ஸ்கூட்டரை யாரும் சத்தத்துக்காக வாங்கியதும் இல்லை.

சத்தத்துக்காக வாங்கும் வண்டி நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்து 1955-ல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேர்விட்ட ராயல் என்ஃபீல்டு. ‘டுப் டுப்’ கேட்காத புல்லட்டை யார் வாங்குவார் என்ற கேள்வி அவர்களுக்கும் வந்தே தீரும். அவர்கள் புல்லட்டைத் தொடவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பாரசூட் படையினரோடு இறக்கப்பட்ட 125 சிசி குட்டி வண்டி ஒன்று உண்டு, செல்லப் பெயர் ஃப்ளையிங் ஃப்ளீ. அந்தப் பெயரைத் தனி பிராண்டாக்கி, முன்சக்கரத்தில் பழைய காலத்து கர்டர் ஃபோர்க் வைத்த, எடை குறைந்த எலெக்ட்ரிக் நகர வண்டியாக எஃப்எஃப் சி6-ஐ 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள். புல்லட்டின் வேலையை அந்த வண்டியிடம் அவர்கள் கேட்கவில்லை.

அதே மிலான் கண்காட்சியில் லைவ்வயரும் இருந்தது. கிம்கோவோடு சேர்ந்து அவர்கள் அங்கே அறிவித்தது ஒரு ஸ்கூட்டர்.